மோட்டார் ரூம் சாவியும் மூன்று கட்சி ஆட்சியும்

பெருமதிப்புக்கும் பெருங்கோபத்துக்கும் உரிய சம்பந்தி அவர்களுக்கு,

தங்கள் கட்டடத்தின் தரைத்தளத்தில் பல் கிளினிக்கும் முதல் மாடியில் குடித்தனமும் நடத்திவருபவனும், தங்கள் மருமகளைப் பெற்றவனுமாகிய அடியேன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் என் வீட்டுக்காரியும், இரண்டாம் மாடியில் சம்பந்தியம்மாவும், தங்கள் மகனும், என் மகளும், இன்னும் பெயர் வைக்கப்படாத சின்ன ஆள் ஒருத்தியும் சௌக்கியம். தாங்கள் தங்கள் அக்கா வீட்டில் சௌக்கியமாக இருப்பதாகவும், மூன்று வேளையும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே சாப்பிடுவதாகவும் கேள்விப்பட்டேன். சாப்பாடு இறங்குகிறது என்றவரைக்கும் சந்தோஷம். அக்காவுக்கு என் நமஸ்காரம். அவர்களுடைய மேல்வரிசைப் பல்செட் இப்போது ஆடாமல் நிற்கிறதா என்று நான் விசாரித்ததாகவும் சொல்லவும்.

போனைத் தாங்கள் அணைத்து வைத்திருப்பதால்தான் கடிதம். அணைப்பதற்கு முன் கடைசியாகத் தாங்கள் என்னிடம் சொன்னது இன்னும் காதிலேயே நிற்கிறது. "என் வீட்டுக்குள்ள உட்கார்ந்துக்கிட்டே என் ஆட்சியைக் கவுத்துட்டீங்களே சம்பந்தி, நல்லா இருங்க" என்றீர்கள். நல்லா இருங்க என்பதை அப்படிப் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னால் கடைவாய்ப்பல் தேய்ந்துவிடும் என்று அப்போதே சொல்ல நினைத்தேன், அதற்குள் வைத்துவிட்டீர்கள். தாங்கள் அப்போதைய ஆளுங்கட்சியின் நகரக் கிளைத் தலைவர். தங்கள் கட்டடத்தில், தங்கள் பெயர் பொறித்த கேட்டுக்கு முன்னால் நின்று மூன்று எதிர்க்கட்சித் தலைவர்கள் புதிய கூட்டணி அரசை அறிவித்தால், கட்சிக்காரர்கள் தங்களை என்ன பேசியிருப்பார்கள் என்று எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் இதில் என் பங்கு என்ன? அந்த ஒரு வாரமும் நான் அரசியலில் சொன்னது இரண்டே வார்த்தை. ஒன்று "திறங்க", இன்னொன்று "கொப்பளிங்க". இதற்காக ஒரு மனிதர் சொந்தப் பேத்தியைப் பார்க்காமல் ஊரின் இன்னொரு மூலையில் போய் உட்காருவதா? ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். முழுவதும் படித்துவிட்டு, இந்த ஆட்சி மாற்றத்துக்கு யார் காரணம் என்று தாங்களே தீர்ப்புச் சொல்லவும்.

என் கிளினிக்கில் கட்சி பார்த்துப் பல் பார்ப்பதில்லை என்பது தங்களுக்குத் தெரியும். நாடாளுமன்றத்துக்குப் பின்தெருவில் கடை போட்டவனுக்கு அது கட்டுப்படியாகாது. அதனால்தான் நம் நர்ஸம்மா பல வருஷமாக ஒரு ஏற்பாடு வைத்திருந்தார். திங்கட்கிழமை எதிர்க்கட்சி மீசைக்காரர். புதன்கிழமை டீச்சரம்மா, அதாவது பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு அரசியலுக்கு வந்து இன்றுவரை மேடையிலும் தொண்டர்களை "கடைசி பெஞ்ச், சத்தம்" என்று அதட்டுகிற அந்த அம்மாள். சனிக்கிழமை தங்கள் தலைவர். அவர் ஒருமுறை என் கோட்டில் இருந்த கறையைப் பார்த்து முகம் சுளித்துவிட்டார் என்று, அவருக்கென்றே கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளைக் கோட்டு ஒன்று கதவுக்குப் பின்னால் தனியாகத் தொங்கும், அதைச் சனிக்கிழமை மட்டும்தான் எடுப்பேன். நாலே நாலு உறுப்பினர்களை வைத்துக்கொண்டு எல்லோரையும் ஆட்டிப் படைக்கிற கைத்தடிப் பெரியவர் மட்டும் நினைத்தபோது வருவார், நினைத்தபோது போவார். இப்படி ஒருவர் முகத்தில் இன்னொருவர் விழிக்காமல் எல்லாப் பற்களும் ஒழுங்காகத்தான் இருந்தன.

இனிமேல்தான் விஷயம். தேர்தல் முடிவு வெளியான சனிக்கிழமை தாங்கள் புது வேட்டி சட்டையோடு, வெற்றி மாலை வைத்த பெட்டியோடு, தலைமையகத்துக்குப் புறப்பட்டீர்கள். கேட்டு வரைக்கும் வந்து நானே வழியனுப்பினேன். யாருக்கும் பெரும்பான்மை இல்லை என்ற செய்தி தாங்கள் தெருமுனை தாண்டிய பிறகுதான் வந்தது. அது தங்கள் தவறில்லை. ஆனால் மோட்டார் ரூம் சாவியை யாரிடமும் கொடுக்காமல் போனது யார் தவறு? குடியிருப்பவர்கள் தண்ணீரை வீணாக்குகிறார்கள் என்று அந்த அறையைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையிலேயே வைத்துத் திரிகிறவர் தாங்கள். தங்கள் பையில் பேனா இல்லாத நாளுண்டு, அந்தச் சாவி இல்லாத நாளுண்டா? திங்கட்கிழமை காலை மொட்டைமாடித் தொட்டி சுத்தமாக வறண்டுவிட்டது. தங்களைக் கூப்பிட்டோம். "கூட்டத்துல இருக்கேன்" என்றீர்கள். தண்ணீர் என்றோம். "ஆட்சியே போகுது, தண்ணியா இப்போ" என்று வைத்துவிட்டீர்கள். பூட்டை உடைக்கலாமா என்று மாப்பிள்ளையைக் கேட்டேன். வங்கியில் மேலாளராக இருக்கிறார், தாடி நரைக்க ஆரம்பித்துவிட்டது, ஆனாலும் இரண்டடி பின்னால் போனார். "அப்பா போட்ட பூட்டு மாமா. அதை உடைச்சா அப்பா என்னை உடைச்சிடுவாரு" என்றார். நிறைமாதமாக இருந்த என் மகள் அந்த நிலையிலும் சிரித்தாள்.

வேறு வழியில்லாமல் தண்ணீர் லாரிக்குச் சொன்னோம். அவன் பதினொரு மணிக்குத்தான் வருவேன் என்றான், வந்து கிளினிக்கின் சின்னத் தொட்டியை நிரப்பினால் அது ஒரு மணி நேரத்துக்குத்தான் தாங்கும். பல் வைத்தியத்தில் தண்ணீர் இல்லாமல் ஒன்றும் ஓடாது. துளைக்கிற மிஷினுக்குத் தண்ணீர், கொப்பளிக்கத் தண்ணீர், கை கழுவத் தண்ணீர். ஆகவே நர்ஸம்மா என்ன செய்தார்? அந்த வாரம் வரவேண்டிய எல்லோரையும் பதினொன்றிலிருந்து பன்னிரண்டுக்குள் வரச் சொல்லிவிட்டார். எல்லோரையும் என்றால் எல்லோரையும். பதற்றத்தில் கிழமைக் கணக்கை மறந்துவிட்டார். அப்புறம் கேட்டதற்கு, "நான் பல்லைத்தான் பார்த்தேன் டாக்டர், ஆளைப் பார்க்கல" என்கிறார்.

அப்படியாக அந்தத் திங்கட்கிழமை நம் வராந்தா பெஞ்சில், ஈறு நோய்ப் படத்துக்குக் கீழே, மீசைக்காரரும் டீச்சரம்மாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். தங்கள் தலைவர் மட்டும் கூட்டத்தை விட்டு வரவில்லை. பத்து வருஷத்துக்கு முன் கூட்டணி முறிந்ததிலிருந்து இவர் இருக்கும் திசையில் அவர் தலைவைத்துப் படுப்பதில்லை, அவர் படம் வந்த பத்திரிகையில் இவர் சாப்பாட்டுப் பொட்டலம்கூடக் கட்ட விடுவதில்லை. மீசைக்காரர் கூரையைப் பார்த்தார். டீச்சரம்மா தரையைப் பார்த்தார். கைத்தடிப் பெரியவர் மட்டும் படியேறி வந்து, பெஞ்சைப் பார்த்து, ஒரு கணம் யோசித்து, வாசலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். உள்ளே வாங்க என்று நர்ஸம்மா கூப்பிட்டதற்கு, தான் எப்போதும் வெளியிலிருந்துதான் என்று சொல்லிவிட்டாராம்.

மீசைக்காரருக்குப் பிரச்சாரத்தில் ஊர் ஊராக ஐஸ் சோடா குடித்ததில் கீழ்க் கடைவாய்ப்பல் சொத்தையாகி, வேர் வரைக்கும் போயிருந்தது. அவரை நாற்காலியில் சாய்த்து, ஊசி போட்டு, வாய் மூடாதபடி கட்டையைக் கொடுத்து மிஷினை எடுத்தேன். என் அறைக் கதவின் தாழ்ப்பாள் சரியில்லை, சரிசெய்து தாருங்கள் என்று போன வருஷமே தங்களிடம் சொல்லியிருந்தேன், ஞாபகம் இருக்கும். கதவு தானாகத் திறந்துகொண்டது. டீச்சரம்மா பெஞ்சிலிருந்து எட்டிப் பார்த்தார். அங்கே தன் ஜென்மப் பகையாளி வாயைப் பிளந்துகொண்டு, கண்ணை உருட்டிக்கொண்டு, ஒரு வார்த்தை பேச வழியில்லாமல் கிடக்கிறார். அந்த அம்மாள் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார். பத்து வருஷமாக மனதில் வைத்திருந்தது அத்தனையும் கொட்டித் தீர்த்தார். எந்தத் தொகுதியைக் கேட்டோம், யார் மூலம் சொல்லியனுப்பினோம், நடுவில் யார் மாற்றிச் சொன்னார்கள், தன் வீட்டில் துக்கம் நடந்தபோது இவர் ஏன் வரவில்லை என்பது வரைக்கும். நானும் மிஷினை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவர் பேச ஆரம்பிப்பார், தண்ணீர் தீர்ந்துவிடும்.

கடைசியில் கட்டையை எடுத்து "கொப்பளிங்க" என்றேன். மீசைக்காரர் கொப்பளித்தார். பாதி வாய் மரத்துப்போயிருந்தது. துண்டால் மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"இவ்வளவு நாளா இதையெல்லாம் என்கிட்ட நீங்க சொல்லவே இல்லையேம்மா" என்றார்.

"எங்க சொல்ல விட்டீங்க? நான் வாயைத் திறந்தா நீங்களும் திறந்துடுவீங்களே" என்றார் டீச்சரம்மா.

அப்புறம் அந்த அம்மாள் நாற்காலியில் ஏறினார். பல்செட் பிரச்சாரத்தில் கழன்று மைக்கில் விழுந்த கதைதான் ஊருக்கே தெரியுமே, அதை அளவெடுக்க வேண்டியிருந்தது. அவர் வாயில் பசையை வைத்ததும் மீசைக்காரர் பேச ஆரம்பித்தார். சம்பந்தி, நாட்டில் எத்தனையோ வட்டமேஜை போட்டுப் பார்த்திருக்கிறார்கள். அதில் குறை என்னவென்றால் எல்லோர் வாயும் காலியாக இருக்கும். என் நாற்காலியில் உட்கார்ந்தவர் கேட்கத்தான் முடியும், பேச முடியாது. பேச வேண்டுமென்றால் இறங்கி அடுத்தவரை ஏற்றிவிட வேண்டும். வேறெந்த விதியும் இல்லாமல் இந்த ஒரு விதியிலேயே வண்டி ஓடியது.

மறுநாள் இரண்டு பேரும் கூப்பிடாமலே பதினொரு மணிக்கு வந்தார்கள். ஹோட்டல், கட்சி அலுவலகம், விருந்தினர் மாளிகை எல்லாவற்றின் வாசலிலும் பத்திரிகைக்காரர்கள் படுத்துக் கிடக்கிறார்களாம், இவர் வீட்டுக்கு அவர் போனால் அவர் இறங்கிப் போனதாக ஆகுமாம், இங்கே என்றால் கன்னத்தில் துணியைக் கட்டிக்கொண்டு வந்துவிடலாமாம். வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் பெரும்பான்மைக் கடிதத்தை ஜனாதிபதி கையில் கொடுக்காவிட்டால் தங்கள் தலைவரே மறுபடி பதவியேற்பார் என்ற நிலைமை. எனக்கு இதில் விருப்பு வெறுப்பு ஒன்றும் கிடையாது. ஆனால் வைத்தியம் பாதியில் நிற்கும் நோயாளியை நான் எப்படிப் போகச் சொல்வேன்? செவ்வாய்க்கிழமை குறைந்தபட்சப் பொதுச் செயல்திட்டம் முடிந்தது. அதற்குள் நான் சுத்தமான பல்லையே மூன்று தடவை சுத்தம் செய்தேன். புதன்கிழமை கல்வி, நீர்வளம், போக்குவரத்து. நீர்வளம் என்றதும் நான் மனம்விட்டுச் சிரித்துவிட்டேன், யாரும் காரணம் கேட்கவில்லை. கைத்தடிப் பெரியவர் வாசலில் நின்றபடியே ஜன்னல் வழியாகச் சம்மதம் சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் மழை பிடித்துக்கொண்டது. உள்ளே வரமாட்டேன், வெளியிலிருந்து ஆதரவு என்றால் வெளியிலிருந்துதான் என்று பிடிவாதம். நர்ஸம்மா தன் பூப்போட்ட குடையைக் கொண்டுபோய்ப் பிடித்தார். ஒரு நிருபர் மோப்பம் பிடித்து, பல்வலி என்று பொய் சொல்லிக்கொண்டு உள்ளே நுழைந்தார். வாயைத் திறக்கச் சொன்னேன். நிஜமாகவே ஒரு சொத்தை இருந்தது. பிடுங்கிக் கையில் கொடுத்தேன். அன்று முழுக்க அவரால் அலுவலகத்துக்கு ஒரு செய்தியும் சொல்ல முடியவில்லை.

வியாழக்கிழமை சண்டை வந்தது. நிதித்துறை யாருக்கு, பிரதமர் யார். இரண்டு பேரும் நாற்காலியில் ஏறமாட்டேன் என்று நின்றார்கள். ஏறினால் கேட்க வேண்டுமே. தண்ணீர் தீர்ந்தது, கிளம்பிப் போனார்கள். சரி, தங்கள் தலைவருக்கு யோகம் இருக்கிறது என்று நினைத்து நானும் மாடிக்குப் போய்விட்டேன்.

வெள்ளிக்கிழமைதான், சம்பந்தி, என் வாழ்க்கையிலேயே மறக்க முடியாத நாள். பதினொன்றே காலுக்கு மீசைக்காரர் வலி தாங்காமல் வந்து நாற்காலியில் விழுந்தார். அந்தப் பக்கம் டீச்சரம்மா கழன்ற பல்செட்டைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறார். அவர் பல்லைத் திறந்து வைத்துவிட்டேன், இவர் பல்செட் என் மேஜைமேல் இருக்கிறது. சரியாக அந்த நேரம் பார்த்து மாடிப்படியில் என் வீட்டுக்காரி குரல் கேட்டது. மகளுக்கு வலி கண்டுவிட்டது, மாப்பிள்ளையும் சம்பந்தியம்மாவும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்விட்டார்கள், நீங்களும் உடனே புறப்படுங்கள் என்றாள். எனக்கு இருப்பது ஒரே பெண். தங்களுக்கு அவள் மருமகள், மாடி ஏறிப் போனவள், அவ்வளவுதான். எனக்கு அவள் முதல் பால்பல் விழுந்ததிலிருந்து ஒவ்வொன்றையும் பத்திரப்படுத்தி வைத்திருக்கிற பொக்கிஷம். அதை அந்த இரண்டு பேரிடமும் சொன்னேன். என்ன குரலில் சொன்னேன் என்று தெரியாது, வாசலில் இருந்த கைத்தடிப் பெரியவர் குடையை இறக்கிவிட்டாராம்.

"என் பொண்ணுக்கு வலி எடுத்துடுச்சு. நான் போகணும். அஞ்சு நிமிஷத்துல ரெண்டு பேரும் ஒரு முடிவுக்கு வாங்க. இல்லைன்னா இந்தப் பல்லு இப்படியே திறந்து கிடக்கும், அந்தப் பல்செட்டு இப்படியே மேஜையில கிடக்கும், நாடு அப்படியே கிடக்கட்டும்."

மேலே இரண்டே வார்த்தை என்று எழுதியிருந்தேன். இதை நான் அரசியலில் சேர்க்கவில்லை, குடும்ப விஷயத்தில் சேர்த்திருக்கிறேன்.

மீசைக்காரர் வாயில் கட்டையோடு கையை நீட்டினார். பல் இல்லாத வாயைப் பொத்திக்கொண்டு டீச்சரம்மா அந்தக் கையைப் பிடித்தார். விரலாலேயே சைகை காட்டிப் பிரித்துக்கொண்டார்கள். டீச்சரம்மா பிரதமர், மீசைக்காரருக்கு நிதித்துறை. ஜன்னலுக்கு வெளியிலிருந்து கைத்தடி இரண்டு தட்டுத் தட்டியது, அது ஆதரவு. நான் அவசர அவசரமாகத் தற்காலிகமாகப் பல்லை அடைத்து, பல்செட்டை மாட்டிவிட்டு, கோட்டோடு தெருவுக்கு ஓடினால் தெரு பூராவும் வண்டிகள், கேமராக்கள். அந்தச் சொத்தைப் பல் நிருபருக்கு மறுநாள் பேச்சு வந்துவிட்டது போலிருக்கிறது. அங்கேயே, தங்கள் கேட்டின் முன்னால், தங்கள் பெயர்ப்பலகை தெளிவாகத் தெரியும்படி நின்று மீசைக்காரர் அரசை அறிவித்தார். படத்தில் அவர் வாய் கோணலாக இருப்பதைக் கர்வத்தால் என்று தங்கள் கட்சிப் பத்திரிகை எழுதியிருந்தது. அது நான் போட்ட ஊசி.

வழியில்லாமல் நான் தவிப்பதைப் பார்த்த டீச்சரம்மா என்னைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டார். பெரும்பான்மைக் கடிதம் அவர் மடியில், என் கையில் இன்னும் பல் பார்க்கிற கண்ணாடிக் கரண்டி. முன்னால் சைரன், பின்னால் நாலு வண்டி. முதலில் ஆஸ்பத்திரி வாசலில் என்னை இறக்கிவிட்டு, "கணக்கு சரியா வரும், தைரியமா போங்க" என்று சொல்லிவிட்டுத்தான் அந்த அம்மாள் ஜனாதிபதி மாளிகைக்குப் போனார். கணக்குச் சரியாகத்தான் வந்தது. பேத்தி. தாயும் சேயும் நலம். நான் என் தொழில் மரியாதையெல்லாம் மறந்து ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அழுதேன், சம்பந்தி. சந்தோஷம் தாங்கவில்லை. பக்கத்தில் தாங்கள் இல்லையே என்றுதான் ஒரு குறை.

இப்போது சொல்லுங்கள். தாங்கள் சாவியோடு போகாவிட்டால் தொட்டி வறண்டிருக்காது. வறண்டிருக்காவிட்டால் நர்ஸம்மா கிழமையை மாற்றியிருக்க மாட்டார். மாற்றியிருக்காவிட்டால் அந்த இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். தாழ்ப்பாள் கணக்கு தனி. இந்த ஆட்சியைக் கொண்டுவந்தது தாங்கள்தான் என்று நான் வெளியில் யாரிடமும் சொல்லப் போவதில்லை. ஆனால் சாவியைக் கேட்டு அக்கா வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையிடம் "சாவி என்கிட்ட இல்லை" என்று சொல்லிக் கதவைச் சாத்தினீர்களாமே, தங்கள் வயதுக்கு அது அழகா? கோபம் இருக்கட்டும், பொய் எதற்கு? வீட்டில் இன்னும் லாரித் தண்ணீர்தான்.

பேத்தியைப் பற்றிச் சொல்லாவிட்டால் கடிதம் முடியாது. புருவத்தைச் சுருக்கினால் அப்படியே தாங்கள். என் வீட்டுக்காரி குளிப்பாட்டும்போது ஒரு குவளை தண்ணீர் தரையில் சிந்தினால் போதும், கத்தித் தீர்க்கிறாள். தண்ணீர் வீணாவது பொறுக்கவில்லை, யார் ரத்தம் என்று கேட்கவே வேண்டாம். சம்பந்தியம்மா தினமும் கீழே வந்து மடியில் வைத்துக்கொண்டுதான் இருக்கிறார், அவர்மேல் கோபப்படாதீர்கள். டீச்சரம்மா பதவியேற்ற அன்று இரண்டாம் மாடியிலிருந்து ஒரு விசில் சத்தம் கேட்டது, அது யார் என்று நான் விசாரிக்கவில்லை.

குழந்தைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. தாத்தாக்கள் இரண்டு பேரும் ஒரே அறையில் உட்கார்ந்தால்தான் பெயர் என்று என் மகள் ஒற்றைக் காலில் நிற்கிறாள். மாப்பிள்ளைக்கு ஒரே ஒரு நிபந்தனை, மேடைப் பெயர் வேண்டாம். அவருக்கு ஒரு வயதில் தாங்கள் மாநாட்டு மேடையில் தூக்கிக் கொடுத்து, தங்கள் தலைவர் மைக்கில் வைத்த அந்த நீளப் பெயரை இன்றுவரை நம்மில் யாராவது முழுசாகச் சொல்லி அவரைக் கூப்பிட்டிருக்கிறோமா? ஒருநாள் மொட்டைமாடியில் தாங்களே என்னிடம் மெதுவாகச் சொன்னீர்கள். "நான் மனசுல ஒரு பேர் வெச்சிருந்தேன் சம்பந்தி. கூட்டத்துல வாய் வரல" என்று. பேத்திக்கு ஒரு பெயர் தங்கள் மனதில் இருக்கிறது என்று சம்பந்தியம்மாவும் சொன்னார். என்னவென்று சொல்ல மறுத்துவிட்டார், அது தங்கள் வாயிலிருந்துதான் வரவேண்டுமாம். இந்தத் தடவை கூட்டம் கிடையாது, மேடை கிடையாது. வந்து சொல்லுங்கள்.

அரசியல் இனி நம் கட்டடத்தில் நுழையாது. கிளினிக் சுவரில் "இங்கு பல் மட்டும்" என்று பலகையே எழுதி மாட்டிவிட்டேன். கூட்டணியும் உறுதியாக இருக்கிறது, ஐந்து வருஷத்துக்கு யாரும் யாரையும் தேடி என்னிடம் வரப்போவதில்லை. கோபத்தை அக்கா வீட்டிலேயே விட்டுவிட்டு, சாவியை மட்டும் எடுத்துக்கொண்டு வாருங்கள். தங்களுக்கும் அக்காவுக்கும் எல்லா நலமும் பெருகட்டும், பற்கள் முப்பத்திரண்டும் நீடூழி நிற்கட்டும், மனஸ்தாபம் மட்டும் பால்பல்லைப் போல வலிக்காமல் விழுந்துவிடட்டும்.

இப்படிக்கு,
தங்கள் பதிலை அல்ல, தங்களையே எதிர்பார்க்கும்
கீழ்வீட்டுச் சம்பந்தி

பி.கு.: கடிதத்தை மடித்து மாப்பிள்ளையிடம் கொடுக்கும் நேரத்தில் நர்ஸம்மா ஓடி வந்தார். கைத்தடிப் பெரியவர் இன்று காலை ஆதரவை வாபஸ் வாங்கிவிட்டாராம். அமைச்சரவைக் கூட்டத்தில் அவரை மரியாதையாக உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டார்களாம். வெளியிலிருந்து ஆதரவு தருபவனை உள்ளே உட்காரவைப்பது கொள்கைத் துரோகம் என்று எழுந்து போய்விட்டார். ஆகவே ஐந்து வருஷம் என்று மேலே எழுதியதை அடித்துவிடவும். பெஞ்சில் டீச்சரம்மாவும் மீசைக்காரரும் உட்கார்ந்திருக்கிறார்கள். கன்னத்தில் துணியைக் கட்டிக்கொண்டு பின்வாசல் வழியாகத் தங்கள் தலைவர் வந்திருக்கிறார். கூட்டணியில் சேருவதைப் பற்றிப் பேச வேண்டுமாம். பலகையைக் கழற்றிவிட்டேன். தாங்கள் மறுபடி ஆளுங்கட்சி.

தங்கள் தலைவர் ஆயிற்றே என்று, அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு தொடாத கஞ்சிக் கோட்டை எடுத்து மாட்டினேன். பையில் கையை விட்டால் மோட்டார் ரூம் சாவி. கேட்டில் தங்களை வழியனுப்பியபோது "பத்திரம்" என்று சொல்லி என் கையில் வைத்தீர்கள், இப்போதுதான் ஞாபகம் வருகிறது. ஆகவே சாவியைப் பற்றி மேலே எழுதியது அத்தனையையும் அடித்துவிடவும். ஆட்சியைக் கவிழ்த்தது நான்தான். தாழ்ப்பாள் மட்டும் தங்கள் கணக்கு.

மோட்டார் ஓடும் சத்தத்தில் குழந்தை அழுதது. யார் குழந்தை என்று கேட்டார் தங்கள் தலைவர். என் மகளும் வெள்ளந்தியாகக் கீழே தூக்கி வந்துவிட்டாள். வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அவளும் அழுகையை நிறுத்திவிட்டாள். "பேர் என்னம்மா" என்றார். இன்னும் வைக்கவில்லை என்றாள். "அப்படியா, நானே வெச்சுடறேன்" என்று தொண்டையைச் செருமி வாயைத் திறந்தார். திறந்த வாயில் நான் அளவெடுக்கிற பசையை வைத்துவிட்டேன். சம்பந்தியம்மா படியில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருக்கிறார். மாப்பிள்ளை வண்டியைக் கிளப்பிவிட்டார், அதே வண்டியில் ஏறி வந்துவிடுங்கள். இப்போது வைத்திருப்பது கீழ்வரிசைக்கு. இறுகியதும் மேல்வரிசைக்கு வைப்பேன். அதற்குமேல் மனுஷன் வாயில் வரிசை கிடையாது, சம்பந்தி.